இரண்டு ஏற்பிகள் சேரும்போது: இஜிஎஃப்ஆர் புரதம் வேலை செய்யும் விதம்

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான் என்றாலும், புரதம் போன்ற பெரிய மூலக்கூறு எதுவும் அதைத் தானாகக் கடந்து உள்ளே போய்விட முடியாது. ஆனால் ‘பிரிந்து பெருகு’, ‘நகர்ந்து வந்து இந்தக் காயத்தை மூடு’ என்று செல்லுக்குப் போக வேண்டிய ஆணைகளில் பல, புரதங்களாகத்தான் வெளியே மிதந்துகொண்டிருக்கின்றன. ஆணை வெளியே, அதை நிறைவேற்ற வேண்டிய நொதிகளும் மரபணுக்களும் உள்ளே. இந்த இரண்டையும் இணைப்பவை சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிப் புரதங்கள். அவற்றில் மிக விரிவாக ஆராயப்பட்டவற்றில் ஒன்று மேல்தோல் வளர்ச்சிக் காரணி (இஜிஎஃப்) என்ற புரதத்தின் ஏற்பி, சுருக்கமாக இஜிஎஃப்ஆர். புற்றுநோய் மருத்துவத்தில் அடிக்கடி அடிபடும் பெயர்தான்.

மனிதரில் இதற்கான மரபணு 7-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. முழுமையடைந்த புரதத்தின் நீளம் 1,186 அமினோ அமிலங்கள். சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்துகொள்வதால் எடை சுமார் 170 கிலோடால்டன். கிட்டத்தட்ட பாதி, அதாவது 620 அமினோ அமிலங்களுக்குச் சற்று மேல், செல்லுக்கு வெளியே நிற்கிறது. மீதி உள்ளே இருக்கிறது. இரண்டு பாதிகளையும் இணைப்பது சவ்வின் குறுக்கே செல்லும் ஒரே ஒரு சுருள். அதன் நீளம் இருபத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள், அவ்வளவுதான்.

இந்த ஒற்றைச் சுருள் 1980-களில் ஆராய்ச்சியாளர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அட்ரீனலினை உணரும் ஏற்பி போன்றவை சவ்வை ஏழு முறை குறுக்கிடுகின்றன. வெளியே ஏதாவது ஒட்டினால் அந்த ஏழு சுருள்களும் ஒன்றுக்கொன்று சற்று நகர்ந்து, அந்த அசைவை உள்ளே காட்டிவிடும். ஆனால் ஒரே ஒரு சுருள் எதை வைத்து எதைத் தள்ளும்? வெளியே இஜிஎஃப் வந்து ஒட்டுகிறது, பல நானோமீட்டர் தள்ளி உள்ளே இருக்கும் நொதிப் பகுதி விழித்துக்கொள்கிறது. நடுவில் இருப்பதோ இரண்டு பக்கமும் வளைந்துகொடுக்கும் மெல்லிய இணைப்பு. ஈரக் கயிற்றின் ஒரு முனையைத் தள்ளி மறுமுனையை நகர்த்துவது மாதிரியான சமாச்சாரம் இது.

விடை, மேலிருந்து கீழாகத் தேடியவர்கள் பார்க்காத பக்கத்தில் இருந்தது. செய்தி சுருள் வழியாக இறங்கி வருவதே இல்லை. சவ்வின் தளத்தில் உலவிக்கொண்டிருக்கும் இரண்டு ஏற்பிகள் ஒன்றையொன்று நெருங்கி இணைகின்றன. வெளியே இணைந்தால் உள்ளே இருக்கும் பாதிகளும் பக்கத்தில் வந்துதானே ஆக வேண்டும்? அந்த அண்மைதான் செய்தி. ஜோசப் ஷ்லெசிங்கர், யோசெஃப் யார்டன் ஆகியோர் 1980-களில் இதை அழுத்திச் சொன்னார்கள். இந்தப் புரதத்தைப் பற்றி வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பின்னால் வரும் நோய்களும் மருந்துகளும் இதைச் சுற்றியே வருகின்றன.

கொஞ்சம் பின்னால் போவோம். கதை தொடங்குவது எலிக்குட்டிகளின் கண்களில். ஸ்டான்லி கோஹன் 1950-களில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரீட்டா லெவி-மொண்டால்சினியுடன் நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுக்கும் வேலையில் இருந்தார். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றில் அது ஏராளமாகக் கிடைத்தது. அந்தச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. வழக்கமாக இரண்டு வாரம் நெருங்கும்போது கண் திறக்கும் குட்டிகள் ஏழாம் நாளிலேயே கண் திறந்தன. பற்களும் சீக்கிரமே முளைத்தன. நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு இந்த வேலை கிடையாது. ஆக, சாற்றில் இன்னொரு பொருள் ஒளிந்திருக்கிறது.

வேறு ஒருவராக இருந்தால் ‘கலப்படம்’ என்று ஒதுக்கியிருக்கலாம். கோஹன் அதையே பிடித்துக்கொண்டார். 1959-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், 1962-இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். 53 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறு புரதம் அது. இமைத்தோலின் செல்களை வேகமாக முதிரச் செய்வதால் கண் சீக்கிரம் திறக்கிறது என்று தெரிந்தது. அதுவே மேல்தோல் வளர்ச்சிக் காரணி, இஜிஎஃப். 1986-இல் கோஹன், லெவி-மொண்டால்சினி இருவருக்கும் சேர்த்து மருத்துவ நொபேல் பரிசு கிடைத்தது.

இஜிஎஃப் எதில் போய் ஒட்டுகிறது என்பது அடுத்த கேள்வி. 1970-களில் கிரஹாம் கார்ப்பென்டருடன் சேர்ந்து கோஹன் அதைத் தேடினார். இங்கே ஏ431 என்ற செல் வகை பெரிதும் கைகொடுத்தது. ஒரு மூதாட்டியின் புற்றுக்கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட செல்கள் அவை. சாதாரண செல்லின் மேற்பரப்பில் சில பத்தாயிரம் ஏற்பிகள் இருக்கும் இடத்தில், ஏ431 செல்லில் பத்து லட்சத்துக்கும் மேல் இருந்தன. புரதத்தைச் சுத்திகரிக்க இதைவிட நல்ல மூலப்பொருள் வேண்டுமா? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தச் செல்களுக்கு இஜிஎஃப்பை நிறையக் கொடுத்தால் வளர்ச்சி கூடுவதற்குப் பதில் குன்றிவிடும். வளர்ச்சிக் காரணி என்று பெயர் வைத்துவிட்டதால் அது எப்போதும் வளர்க்கத்தான் வேண்டும் என்று செல்லுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை.

ஏற்பியின் உள்பாதி ஒரு நொதி என்பதும் இந்த ஆய்வுகளில்தான் தெரியவந்தது. செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி வேறு புரதங்களின் மேல் ஒட்டும் நொதி, அதாவது கைனேஸ். எந்த அமினோ அமிலத்தின் மேல் ஒட்டுகிறது என்பதில்தான் சுவாரசியம். அதுவரை தெரிந்த கைனேஸ்கள் செரின் அல்லது திரியோனின் மேல் ஒட்டுபவை. 1979-இல் சால்க் நிறுவனத்தில் டோனி ஹண்டர் வைரஸ் புரதங்களை ஆராய்ந்தபோது, புதிதாகத் தயாரிக்காமல் பழைய கரைசலையே பயன்படுத்தினார். அதன் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 1.9-இலிருந்து 1.7-க்கு நழுவியிருந்தது. அந்தச் சின்ன வித்தியாசத்தால், வழக்கமாக ஒரே புள்ளியாகத் தெரியும் இடத்தில் இரண்டு புள்ளிகள் பிரிந்தன. புதிய புள்ளி, பாஸ்பேட் ஏறிய டைரோசின். செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களை எண்ணினால் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால்தான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. 1980-இல் உஷிரோவும் கோஹனும் இஜிஎஃப்ஆர் செய்வதும் இதே டைரோசின் வேலைதான் என்று காட்டினார்கள்.

சரி, இரண்டு ஏற்பிகள் எப்படி இணைகின்றன? 2002, 2003 ஆண்டுகளில் படிக முறையில் இதன் வெளிப்பாதி படம்பிடிக்கப்பட்டது. அந்தப் பாதியில் நான்கு பகுதிகள். சும்மா இருக்கும்போது ஏற்பி மடங்கிக் கிடக்கிறது. இரண்டாம் பகுதியிலிருந்து நீளும் ஒரு சிறு கை, நான்காம் பகுதிக்குள் செருகிக்கொண்டு தன்னையே கட்டிப்போட்டிருக்கிறது. இஜிஎஃப் வந்ததும் முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் இரண்டு பக்கத்திலிருந்தும் அதைக் கவ்வுகின்றன. அப்படிக் கவ்வ வேண்டுமானால் உடம்பு நிமிர்ந்தாக வேண்டும். நிமிர்ந்தால் அந்தக் கை விடுபட்டு வெளியே நீள்கிறது. பக்கத்தில் இதேபோல் நிமிர்ந்த இன்னொரு ஏற்பியின் கையோடு பின்னிக்கொள்கிறது.

இதில் என்னை வியக்க வைப்பது இஜிஎஃப் நிற்கும் இடம். வேறு பல வளர்ச்சிக் காரணிகள் இரண்டு ஏற்பிகளுக்கு நடுவே பாலமாக நின்று அவற்றைச் சேர்த்து வைக்கும். இங்கே இரண்டு இஜிஎஃப் மூலக்கூறுகளும் இணையின் வெளிப்புற ஓரங்களில், ஒன்றையொன்று தொடாமல், தள்ளித்தள்ளி நிற்கின்றன. ஏற்பியும் ஏற்பியும் நேரடியாகக் கைகோத்துக்கொள்கின்றன. இஜிஎஃப்பின் வேலை, ஏற்பிக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு தடையை அவிழ்த்துவிடுவது மட்டுமே.

உள்ளே நடப்பது இன்னும் விசித்திரம். இரண்டு கைனேஸ்களும் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு சரிசமமாக விழித்துக்கொள்கின்றன என்றுதான் நீண்ட காலம் எழுதப்பட்டது. 2006-இல் ஜான் குரியனின் குழு அது அப்படியல்ல என்று காட்டியது. இணைந்த இரண்டும் சமமாக இல்லை. ஒரு கைனேஸின் கீழ்ப்பகுதி மற்றதன் மேல்பகுதியில் சாய்ந்து அழுத்துகிறது. அழுத்தப்பட்டது மட்டும் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுகிறது. அழுத்துவதற்கு நொதித் திறன் தேவையே இல்லை, அருகில் வந்து தோள் கொடுத்தால் போதும். ஒருத்தர் தூண்டுபவர், ஒருத்தர் தூண்டப்படுபவர்.

இது தெரிந்ததும், இந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களைப் பற்றிய ஒரு புதிரும் அவிழ்ந்தது. இஜிஎஃப்ஆருக்கு மூன்று உடன்பிறப்புகள் உண்டு: ஹெர்2, ஹெர்3, ஹெர்4. இதில் ஹெர்3-இன் கைனேஸ் கிட்டத்தட்டச் செயலற்றது. ஹெர்2-வுக்கு ஒட்டும் வளர்ச்சிக் காரணி எதுவும் கிடையாது. ஒன்றுக்கு வேலை செய்யும் திறன் இல்லை, ஒன்றுக்கு ஆணை வாங்கும் திறன் இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தால் குடும்பத்திலேயே வலுவான இணைகளில் ஒன்று அது. ஹெர்3 தூண்டுகிறது, ஹெர்2 வேலை செய்கிறது. மேலும் ஹெர்2-இன் அந்தக் கை எப்போதும் நீண்டபடியே இருக்கிறது, யார் வந்தாலும் கோத்துக்கொள்ளத் தயாராக. மார்பகப் புற்றுநோயில் ஒரு பகுதியில் ஹெர்2 மிகையாகப் பெருகியிருப்பது ஏன் இவ்வளவு ஆபத்தாகிறது என்பதும் இதிலிருந்து புரியும். பெர்டுசுமாப் என்ற மருந்து போய் மறைப்பது அந்தக் கையைத்தான்.

விழித்த கைனேஸ், இணையின் வால்பகுதிகளில் உள்ள டைரோசின்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதைப் பார்த்து உள்ளே மிதக்கும் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. கிரப்2 வருகிறது, கூடவே சாஸ் என்ற புரதத்தை இழுத்து வருகிறது. ராஸ் புரதம் சவ்வின் உள்பக்கத்தில் ஏற்கெனவே காத்திருக்கிறது. சாஸ் அதன் பக்கத்தில் வந்துவிட்டால் ராஸ் இயங்கத் தொடங்கும். இங்கேயும் நடப்பது ஒரு பொருளை இன்னொன்றின் அருகே கொண்டுவருவதுதான். அப்புறம் ராஃப், மெக், எர்க் என்று ஒன்றையடுத்து ஒன்றாகப் பற்றிக்கொண்டு செய்தி செல்லின் உட்கரு வரை போகிறது. பிஐ3 கைனேஸ் வழியாகப் பிரியும் இன்னொரு கிளை செல்லைச் சாகாமல் காக்கிறது. பாடநூல்களில் அம்புக்குறிகளாக வரும் இந்த வரிசைகளை மனப்பாடம் செய்து மாணவர்கள் அலுத்துப்போவார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

பேசத் தொடங்குவதைப் போலவே பேச்சை நிறுத்துவதும் ஏற்பிக்கு முக்கியம். இஜிஎஃப் ஒட்டிய சில நிமிடங்களிலேயே செல், அந்தச் சவ்வுத் துண்டை ஏற்பியோடு சேர்த்து உள்ளே விழுங்கிவிடுகிறது. சிபிஎல் என்ற நொதி ஏற்பியின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டுகிறது. அடையாளம் ஒட்டிய ஏற்பி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போய்ச் சிதைக்கப்படுகிறது. இஜிஎஃப்ஆருடன் ஒட்டக்கூடிய வளர்ச்சிக் காரணிகள் மொத்தம் ஏழு இருக்கின்றன. அவை ஏன் ஏழு என்பதற்கான விடையில் ஒரு பகுதி இங்கே கிடைக்கிறது. டிஜிஎஃப்-ஆல்ஃபா என்பதை எடுத்துக்கொள்வோம். விழுங்கப்பட்ட பையின் உள்ளே அமிலத்தன்மை கூடும்போது அது ஏற்பியை விட்டுக் கழன்றுவிடுகிறது. வெறுமையான ஏற்பி மேற்பரப்புக்குத் திரும்பி மறுபடியும் வேலைக்கு வந்துவிடுகிறது. இஜிஎஃப்போ அந்த அமிலத்திலும் விடாமல் ஒட்டிக்கொண்டு ஏற்பியைச் சிதைவு வரை கூட்டிப்போகிறது. ஒரே ஏற்பி, ஒரே மாதிரியான பிடிப்பு, ஆனால் ஒன்றின் செய்தி சீக்கிரம் அடங்குகிறது, மற்றது நீடிக்கிறது.

உடலுக்கு இந்த ஏற்பி எவ்வளவு தேவை என்று 1995-இல் தெரிந்தது. அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளில் சில கருவிலேயே இறந்தன, சில பிறந்து சில நாட்களோ வாரங்களோ தாக்குப்பிடித்தன. தோல், நுரையீரல், குடல் எல்லாவற்றிலும் கோளாறு. உயிரோடு பிறந்தவை கண் திறந்த நிலையிலேயே பிறந்தன. இஜிஎஃப் கொடுத்தால் கண் சீக்கிரம் திறக்கும் என்றால், ஏற்பியே இல்லாதபோது எப்படித் திறந்திருக்கும்? எலிக்குட்டியின் இமைகள் கருவில் ஒரு கட்டத்தில் வளர்ந்து வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படி இமையின் ஓரச் செல்களை நகர்த்திக் கொண்டுவந்து ஒட்டவைப்பதற்கும் இந்த ஏற்பி தேவை. மூட வைப்பதும் அதுதான், பிறகு திறக்க வைப்பதும் அதுதான்.

புற்றுநோயோடு இதற்குள்ள உறவு 1984-இல் வெளிப்பட்டது. கோழிகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் ஒரு வைரஸின் வி-எர்ப்-பி என்ற மரபணுவும், மைக்கேல் வாட்டர்ஃபீல்டின் லண்டன் ஆய்வகம் படித்த இஜிஎஃப்ஆர் புரதத் துண்டுகளின் வரிசையும் பொருந்திப்போயின. வைரஸ் எப்போதோ கோழியின் மரபணுவைத் திருடி, வெளிப்பாதியில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு வைத்துக்கொண்டிருக்கிறது. கட்டிப்போட்டிருந்த அந்த மடிப்பே இல்லை, பிறகு ஏற்பி யாருடைய ஆணைக்காகக் காத்திருக்கும்? மனித மூளைக்கட்டிகளான கிளையோபிளாஸ்டோமாக்கள் சிலவற்றில் காணப்படும் இஜிஎஃப்ஆர்-வி3 என்ற சிதைந்த வடிவமும் இதே தந்திரத்தின் இன்னொரு பதிப்பு.

அப்படியானால் ஏற்பியை அடைத்துவிட்டால் புற்றுநோய் நிற்குமா? ஜான் மெண்டல்சோனும் கோர்டன் சாட்டோவும் 1980-களின் தொடக்கத்திலேயே இந்த எண்ணத்தோடு எதிர்ப்புரதங்களை உருவாக்கினார்கள். அதன் வழிவந்த செடுக்ஸிமாப் 2004-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அது மூன்றாம் பகுதியில் உட்கார்ந்து இஜிஎஃப் வரும் வழியை மறிக்கும், ஏற்பி நிமிர்வதையும் தடுக்கும். ஆனால் ராஸ் மரபணு கெட்டுப்போன கட்டிகளில் இது பலிக்காது என்று சில ஆண்டுகளில் தெளிவானது. ராஸ் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும்போது மேலே ஏற்பியை அடைத்து என்ன பயன்? இன்று ராஸ் பரிசோதனை செய்யாமல் இந்த மருந்தைத் தொடங்குவதில்லை.

இன்னொரு வழி, உள்பாதியில் ஏடிபி உட்காரும் குழியில் ஒரு சிறு மூலக்கூறைச் செருகுவது. ஜெஃபிடினிப் அப்படிப்பட்டது. நுரையீரல் புற்றுநோய்க்கு 2002-இல் ஜப்பானிலும் 2003-இல் அமெரிக்காவிலும் வந்தது. பத்துப் பேரில் ஒருவருக்கு அற்புதமாகக் கேட்டது, மற்றவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. புகை பிடிக்காதவர்கள், பெண்கள், கிழக்காசியர்கள் ஆகியோரிடம் அதிகம் பலிக்கிறது என்பது மட்டும் கண்ணில் பட்டது. 2004-இல் விடை வந்தது. மருந்து கேட்டவர்களின் கட்டியில் இஜிஎஃப்ஆர் மரபணுவே மாறியிருந்தது. பெரும்பாலும் இரண்டு வகை: மரபணுவின் 19-ஆம் துண்டில் (எக்சானில்) சில அமினோ அமிலங்கள் காணாமல் போயிருக்கும், அல்லது 858-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்திருக்கும்.

இந்த மாற்றங்கள் கைனேஸைத் தாமாகவே விழிக்க வைக்கின்றன. அதே சமயம் 858 மாற்றம் ஏடிபியின் மேல் அதற்குள்ள பிடிப்பையும் தளர்த்திவிடுகிறது. மருந்து போட்டியிட வேண்டியதே ஏடிபியோடுதான். எதிராளியின் பிடி தளர்ந்திருப்பதால் மருந்து எளிதாக உள்ளே நுழைகிறது. மாறாத ஏற்பியிலோ மருந்துக்கு அவ்வளவு சாதகம் கிடையாது. சாதகம் இல்லையே தவிர, அதையும் ஓரளவு தொடத்தான் செய்கிறது. முகத்திலும் மார்பிலும் முகப்பரு போலப் பொரிந்துவிடும் தடிப்பு இந்த மருந்துகளின் அடையாளம் போலவே ஆகிவிட்டதற்குக் காரணம், தோலின் செல்களும் இதே ஏற்பியை நம்பியிருப்பதுதான்.

ஒரு வருடம், ஒன்றரை வருடம் நன்றாகப் போகும். பிறகு கட்டி திரும்பி வரும். பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளில் 790-ஆம் இடத்தில் திரியோனின் போய் மெத்தியோனின் வந்திருக்கும். மெத்தியோனின் பருமனானது என்பதால் அது குழியின் வாயை அடைத்து மருந்தைத் தடுக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2008-இல் அளந்து பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. அது ஏடிபியின் மேல் இருந்த பழைய பிடிப்பை மீட்டுக்கொடுக்கிறது. போட்டி மறுபடியும் சமமாகிவிட்டது, அவ்வளவுதான்.

போட்டியையே தவிர்க்கும் வழியாக, 797-ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீனோடு பிரிக்க முடியாதபடி வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்ளும் ஒசிமெர்டினிப் வந்தது. 2015-இல் அமெரிக்காவில் அனுமதி. மாறிய ஏற்பியைப் பிடித்து மாறாததைப் பெரும்பாலும் விட்டுவிடுவதால் தோல் தொந்தரவும் குறைவு. கட்டி அதற்கும் பதில் வைத்திருந்தது: சிஸ்டீன் இருந்த இடத்தில் செரின். கந்தகம் இல்லை, அந்தப் பிணைப்பும் இல்லை.

ஏடிபி குழியை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் உள்ள வேறொரு பொந்தைக் குறிவைத்த இஏஐ045 என்ற மூலக்கூறைப் பற்றி 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. கைனேஸ் தூங்கும் வடிவத்தில் இருந்தால்தான் அந்தப் பொந்து திறந்திருக்கும். இந்த மூலக்கூறைத் தனியாகக் கொடுத்தபோது கட்டி மசியவில்லை. இணையில் ஒன்று தூண்டுகிறது, ஒன்று தூண்டப்படுகிறது என்று பார்த்தோமே, தூண்டப்பட்ட கைனேஸில் அந்தப் பொந்து மூடிக்கொள்கிறது. உண்மையில் வேலை செய்வதும் அந்தக் கைனேஸ்தான். மருந்து போய் ஒட்டியதெல்லாம் சும்மா சாய்ந்துகொண்டிருக்கும் மற்றொன்றில். கூடவே செடுக்ஸிமாபையும் கொடுத்து வெளியே ஏற்பிகள் இணைவதைத் தடுத்ததும் நிலைமை மாறியது. தனித்தனியாகப் பிரிந்துவிட்ட ஏற்பிகளில் பொந்து திறந்தது, மூலக்கூறு உள்ளே போனது. 858, 790, 797 மூன்று இடங்களிலும் மாறியிருந்த, மற்ற மருந்துகளுக்கு மசியாத கட்டிகள் எலிகளில் சுருங்கின.